பழைய மூச்சுக் கருவி வாங்கலாமா?



சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒரு நாள் மாலை, நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன் கையில் ஒரு பையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனுடைய தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் முன்பு பால்மரம் வெட்டியவர். இப்பொழுது உரம் போடும் வேலைக்குப் போகிறார். பையன் இடைநிலைப் பள்ளியை முடித்துவிட்டு, இங்கே சிகாமட்டில் சில மாதம் ஒரு பட்டறையில் இருந்தான். பிறகு மெர்சிங் பக்கம் போய்விட்டான். அங்கிருந்து படகேறிப் போகும் தீவுகளில் ஒன்றில், கடலுக்கடியில் சென்று பவளப்பாறைகளைப் பார்க்க வரும் விருந்தினர்களுக்குக் காற்றுச் சிலிண்டர் தூக்கிக் கொடுக்கும் வேலை. சிலிண்டர் தூக்கியவன் மெல்ல மெல்லக் காசு சேர்த்து, பயிற்சி பெற்று, தானும் நீருக்குள் இறங்கும் சான்றிதழ் வாங்கிவிட்டான்.

பையைத் திறந்து மேசைமேல் வைத்தான். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு வட்டப் பெட்டி, ஒரு கறுப்புக் குழாய், குழாயின் மறு முனையில் கனத்த பித்தளைக் கட்டி ஒன்று. “சார், இது ரெகுலேட்டர். பழசு. மலிவா கிடைச்சது. கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்” என்றான்.

அவன் பின்னாலேயே அவனுடைய அம்மாவும் வந்துவிட்டார். “வாத்தியாரையா, நீங்களாவது கேளுங்க. கூட்டுக் கட்டின பணத்தை வாங்கிட்டுப் போயி, யாரோ போட்டுக் கழிச்ச சாமானை வாங்கிட்டு வந்திருக்கான். கடலுக்குள்ள போற சாமான். பாதியில மூச்சு நின்னு போச்சுன்னா என்ன செய்யிறது?” என்றார்.

அந்தத் தாய் கேட்ட கேள்விதான் நமது இன்றைய பேச்சு. நமக்கு நீந்தத் தெரியுமே தவிர ஆழ்கடலில் இறங்கியதில்லை. ஆனாலும் புத்தகத்தை வரிவரியாகப் படித்தோம். இக்கருவிகளைப் பழுது பார்ப்பவர் ஒருவர் ஜொகூர் பாருவில் இருக்கிறார். பையனோடு பேருந்து ஏறிப்போய் அவருடைய மேசைக்கு அருகில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். படித்ததும் பார்த்ததும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் இது என்ன கருவி என்பதைத் தெரிந்துகொள்வோம். உங்கள் அடுப்படியில் கேஸ் சிலிண்டரின் தலையில் ஒரு ரெகுலேட்டர் மாட்டியிருக்கிறதல்லவா? சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் வாயுவின் வேகத்தைக் குறைத்து, அடுப்புக்கு வேண்டிய அளவில் அனுப்புவது அதன் வேலை. கடலில் இறங்குவோரின் ரெகுலேட்டரும் அதற்கு உறவுதான். வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை, வரலாறே அப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்ட வேண்டிய நிலை. அதற்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு சிறிய வாயுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் குஸ்தோ அவரைத் தேடிச் சென்று, “நீருக்கடியில் நான் இழுக்கும்போது மட்டும் காற்று தரும் கருவி வேண்டும்” என்று கேட்டார். 1943-இல் அந்த வண்டிக் கருவியையே மாற்றியமைத்து மூச்சுக் கருவியாக்கினார்கள். முதல் சோதனை ஆற்றில் நடந்தது; ஆள் நிமிர்ந்து நின்றால் காற்று வீணாக வெளியே பாய்ந்தது, தலைகீழானால் மூச்சு இழுக்க முடியவில்லை. மூச்சு வெளியேறும் வாயையும் உள்ளே வரும் வாயையும் ஒரே மட்டத்தில் வைத்த பிறகுதான் சரியாயிற்று.

அடுப்பு ரெகுலேட்டருக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும், நாம் தரையில் தாங்கிக்கொண்டிருக்கும் காற்றழுத்தத்தைப் போல இன்னொரு மடங்கு அழுத்தம் நம் மார்பின்மேல் ஏறுகிறது. 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. நெஞ்சை அவ்வளவு அழுத்தும் நீருக்குள் சாதாரணக் காற்றை உறிஞ்ச முடியாது. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில் காற்றும் வாய்க்கு வரவேண்டும். ஆழம் மாற மாற இந்த அளவும் தானாக மாற வேண்டும்.

முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. மோட்டார் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஆக, டயரைப்போல நூறு மடங்கு. இதை ஒரே தாவலில் இறக்க முடியாது, இரண்டு படியில் இறக்குகிறார்கள். சிலிண்டரின் வாயில் திருகும் பித்தளைக் கட்டி முதற்படி. அது 200 பாரைச் சுமார் 9 அல்லது 10 பாருக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் வட்டப் பெட்டி இரண்டாம் படி. அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர்த் தட்டு, தட்டுக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். மூச்சை இழுத்தால் தட்டு உள்வாங்கி நெம்புகோலை அழுத்தும். வழி திறந்து காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் வழி மூடிக்கொள்ளும். விட்ட மூச்சு, காளான் குடைபோன்ற இன்னொரு ரப்பர் வழியாகக் குமிழியாக வெளியேறும். நம் அடுப்படியில் அரிசி களையும் நேரத்திற்குள் இது பல தடவை திறந்து மூடிவிடுகிறது.

“பாதியில் மூச்சு நின்றுவிட்டால்?” என்ற அம்மாவின் கேள்விக்கு இங்கேயே ஒரு பதில் சொல்லிவிடலாம். முதற்படியின் உள்ளே அடைப்பு தேய்ந்துபோனால் காற்று கூடுதலான அழுத்தத்தில் குழாய்க்கு வரும். அப்போது இரண்டாம் படி தாங்காமல் திறந்துகொண்டு காற்றைக் கொட்டும். இன்று நடைமுறையில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை கெட்டால் அடைத்துக்கொள்வதில்லை, திறந்துகொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். கொட்டுகிற காற்றை மென்று விழுங்குவதுபோலச் சுவாசித்துக்கொண்டே மேலே வரப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். மேலும், வடிகட்டி அடைத்துப்போன பழைய கருவியில் ஆழத்திலே மூச்சு இழுக்க இழுக்கக் கனக்கும். ஆகவே அம்மாவின் அச்சம் வீண் அச்சம் அன்று.

கடலில் மூழ்கிப் பிழைப்பது நம் இனத்துக்குப் புதிதா? இல்லை. தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்தார்கள், சங்கு குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சையடக்கி இறங்குவார்கள்; படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பார்கள் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்காகவாவது அவன் கை தளராது என்பது கணக்கு. தூத்துக்குடியில் முறையாக நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1955 முதல் 1961 வரை நடந்தது. அதே 1956-இல்தான் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இலங்கையில் திருகோணமலைப் பாறைக்குக் கீழே இந்த மூச்சுக் கருவியோடு இறங்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேச்சரம் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள்.

மூச்சையடக்கிய குளியாளுக்கு ஒரு கயிறும் ஒரு மச்சானும் போதும். காற்றைச் சுமந்து இறங்குபவனுக்கு அந்த மச்சான் வேலையை இந்தப் பித்தளைக் கட்டிதான் பார்க்கிறது. மன்னார் வளைகுடாவில் இன்று சங்கெடுக்கும் சிலர் வண்டிக்கு டயரடிக்கும் காற்று இயந்திரத்தில் குழாய் மாட்டி அதைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். முறையான பயிற்சியில்லாமல் நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலே வருவதால் மூட்டு வலியும் முடக்கமும் வருகின்றன. அதற்குக் கருவி என்ன செய்யும்? பயிற்சியில்லாதவனுக்குப் புதுக் கருவியும் ஆபத்துதான். நாம் இனிச் சொல்வதெல்லாம் சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டும். தம்பி தங்கைகள் யாரும் அண்ணனுடைய கருவியை எடுத்துப்போய் மண் தோண்டிய குட்டையில் இறங்கிப் பார்க்க வேண்டாம்.

நிற்க. பழையதை வாங்கலாமா என்பதற்கு வருவோம்.

பழுது பார்ப்பவர் ஒரு வார்த்தை சொன்னார். நமக்கு அது பிடித்திருந்தது. இந்தக் கருவியில் இரண்டே பொருள்கள்தாம், பித்தளையும் ரப்பரும் என்றார். பித்தளை, அதன்மேல் பூசிய குரோமியம், உள்ளேயுள்ள எஃகுச் சுருள் இவை பார்த்துக்கொண்டால் 30, 40 ஆண்டு உழைக்கும். ரப்பருக்கு அந்த ஆயுள் கிடையாது. ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை அல்லவா? அதிகாலை நான்கு மணிக்குத் தலைவிளக்கோடு போய் மரம் சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்கள் நாம். மேசை டிராயரில் ஓராண்டு கிடந்த ரப்பர் வளையத்தை இழுத்தால் எப்படி அறுகிறது, மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் எப்படி ஊதிக் கொழகொழத்துப் போகிறது என்பதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். முன்பு ரப்பரில் செய்த தட்டுகளை இன்று சிலிக்கோனில் செய்கிறார்கள். அது நெடுநாள் வருகிறது. என்றாலும் அழுத்தத்தைத் தாங்கும் சின்னச் சின்ன வளையங்களும் அடைப்புகளும் தேயும் பொருள்களே.

ஆகவே பழைய கருவியை வாங்குகிறவன் பித்தளையைத்தான் வாங்குகிறான். உள்ளேயுள்ள ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாக வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகை புதுக் கருவியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்குவதே சிக்கனம். இந்தக் கணக்கைப் போடாமல் நம் பையன் விற்றவர் சொன்ன விலையை மட்டும் பார்த்துவிட்டான்.

இரண்டாவது, அந்த வகைக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று கேட்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி என்று நாம் கருதுகிறோம். டாகோர் என்று ஒரு பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம் இருந்தது. நல்ல கருவிகள்தாம், ஆனால் அந்த நிறுவனம் இன்று இல்லை. பாகத்துக்கு எங்கே போவது? ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் எம்கே 2 என்ற எளிய வகை இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அதே அடிப்படையில் செய்து வருகிறார்கள், பாகங்கள் கிடைக்கின்றன. அதன் உள்ளே அசையும் உறுப்பு ஓர் உந்துதண்டும் ஒரு சுருளும்தான். எளிமையானது கெட்டாலும் எளிமையாகச் சரிசெய்யலாம். ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும்: அவ்வகையில் சிலிண்டரில் காற்று குறையக் குறைய மூச்சு இழுப்பது சற்றுக் கனக்கும். ஆழம் அதிகம் போகாதவர்களுக்கு அது பெரிதில்லை.

மூன்றாவது, முதற்படியில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். மிகப் பழைய கருவிகள் சிலவற்றில் ஒரே ஒரு குழாய்க்குத்தான் இடம் இருக்கும். அந்தக் காலத்தில் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று காட்டும் கடிகாரம்கூட இல்லாமல் இறங்கினார்கள். மூச்சு கனக்கத் தொடங்கியதும் ஒரு கம்பியை இழுத்துவிட்டால் மீதிக் காற்று வரும், அதை வைத்துக்கொண்டு மேலே வருவார்கள். இன்று அப்படி யாரும் இறங்க விடமாட்டார்கள். அழுத்தக் கடிகாரத்துக்கு ஒரு துளை, தனக்கு ஒரு வாய்ப்பெட்டி, காற்றில்லாமல் தவிக்கும் தோழனுக்கு இன்னொரு வாய்ப்பெட்டி, மிதவைச் சட்டைக்கு ஒரு குழாய் என்று இத்தனையும் மாட்ட வேண்டும். இடமில்லாத கருவி கண்ணாடிப் பேழையில் வைக்க நன்றாயிருக்கும்.

இனிக் கையில் எடுத்துப் பார்ப்பது. சிலிண்டரின் வாயில் பொருந்தும் இடத்தில், சல்லடைபோன்ற ஒரு சிறிய வட்ட வடிகட்டி தெரியும். அதன் நிறம் பல கதைகளைச் சொல்லும். பளிச்சென்று உலோக நிறத்தில் இருந்தால் நல்லது. பச்சையாக இருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கில் படியும் அதே களிம்பு. செம்பழுப்பாக இருந்தால் எஃகுச் சிலிண்டரின் துரு வந்து படிந்திருக்கிறது. கறுப்பாக இருந்தால் காற்றடைத்த இயந்திரத்திலிருந்து கரியோ எண்ணெய்ப் புகையோ வந்திருக்கிறது. அந்த எண்ணெய் மூச்சு வழியே நெஞ்சுக்கும் போயிருக்கும். நம் பையன் வாங்கி வந்ததில் வடிகட்டி எந்த நிறம் என்று கேட்கிறீர்களா? நல்ல வெற்றிலைப் பச்சை. அவன் அதை வாங்கும்போது திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழாயின் இரு முனைகளிலும் ரப்பர் உறை போட்டிருப்பார்கள். அதைக் கீழே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். வெடிப்பு எப்போதும் உறைக்குள்தான் ஒளிந்திருக்கும். குழாயை மெல்ல வளைத்தால் வெடிப்புகள் வாய் திறக்கும். குழாயை மாற்றுவது கடினமில்லை, ஆனால் அதுவும் செலவுக் கணக்கில் சேரும்.

அடுத்தது காசில்லாத ஒரு சோதனை. முதற்படியின் நுழைவாயை அதன் மூடியால் இறுக மூடிவிட்டு, வாய்ப்பெட்டியைக் கவ்வி மூச்சை உள்ளே இழுங்கள். காற்று வரக்கூடாது, ரப்பர்த் தட்டு உள்வாங்கி நின்றுவிட வேண்டும். மெல்லக் காற்று வந்தால் தட்டு கிழிந்திருக்கிறது, அல்லது மூச்சு வெளியேறும் காளான் ரப்பர் சரியாகப் படியவில்லை. காற்று வரும் அந்த வழியேதான் நீருக்குள் தண்ணீரும் வரும்.

பிறகு சிலிண்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். திருகை மெதுவாகத் திறவுங்கள். அப்போது அழுத்தக் கடிகாரத்தின் கண்ணாடி யார் முகத்தையும் நோக்கியிருக்கக் கூடாது. பழைய கண்ணாடி வெடித்துச் சிதறக்கூடும். காதை வைத்துக் கேளுங்கள். சீறல் ஒலி இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கே ஒட்டை. திருகை மூடிவிட்டுச் சில நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு. மீண்டும் திறந்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சு இழுங்கள்; ஒவ்வொரு இழுப்புக்கும் முள் துள்ளி விழுந்தால் வழி எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது திருகு முழுவதும் திறக்கவில்லை.

இன்னொரு சோதனைக்கு நடு அழுத்தம் காட்டும் ஒரு சிறு கடிகாரம் வேண்டும். பழுது பார்ப்பவர் எல்லாரிடமும் இருக்கும். இரு படிகளுக்கும் இடையிலுள்ள குழாயில் அதை மாட்டினால் முள் 9 அல்லது 10 பாரில் வந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் எறும்பு ஊர்வதுபோல ஏறிக்கொண்டே போனால் முதற்படியின் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். ஐந்து நிமிடமாவது பார்க்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: “கடைசியாக எப்போது பிரித்துச் சுத்தம் செய்தீர்கள்? ரசீது இருக்கிறதா?” நம் பிள்ளைகளுக்கு இப்படிக் கேட்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. வெள்ளைக்காரரிடமோ பெரிய கடையிலோ கேட்டால் நம்மைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். நம் பையனும் அப்படித்தான் வாய்மூடி இருந்திருக்கிறான். சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவாரா அவன் அம்மா? இதில் மட்டும் என்ன கூச்சம்?

வெள்ளத்தில் மூழ்கிய வீட்டுச் சாமானாக வருவதையும் கவனிக்க வேண்டும். சிகாமட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2006, 2011, 2023 என்று ஆறு நம் வாசலுக்கே வந்து போனதை மறந்திருக்க மாட்டோம். வெள்ளச் சேறு மாவைவிட நுண்ணியது. சுருளுக்குள்ளும் வளையங்களுக்கடியிலும் அது உட்கார்ந்துவிட்டால், வெளியே துடைத்து மெருகேற்றிய கருவியாகத் தோன்றினாலும் உள்ளே அரம்போல அறுத்துக்கொண்டிருக்கும்.

நம் பையனுடைய கருவியை ஜொகூர் பாருவில் பிரித்தார்கள். களிம்பை நீக்கக் கலங்கிய வினிகர் நீரில் ஊறவைத்தார்கள். நம் பெண்கள் பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்குவதைப் போன்றதுதான், ஆனால் இதை வீட்டில் புளியைக் கொண்டு செய்ய வேண்டாம். எவ்வளவு நேரம் என்பது கைப்பழக்கத்தில் வருவது, கூடிப்போனால் குரோமியம் உரிந்துவிடும். களிம்பு போனதும், காற்றை அடைக்கும் பித்தளை விளிம்பில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் தெரிந்தன. மேலே எவ்வளவு புதிய ரப்பர் போட்டாலும் குழியின் வழியே கசியும். அந்தப் பாகத்தை மாற்றலாமென்றால் அந்த வகையைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டாயிற்று. பழுது பார்ப்பவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். பையன் வரும் வழியெல்லாம் பேசவில்லை. ஆயர் ஈத்தாம் தாண்டியபோதுதான், “அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க சார்” என்றான்.

சொன்னோம். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். “போனது பணம்தானே வாத்தியாரையா” என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விட்டார். 2022 ஏப்ரலில் மெர்சிங்குக்கு அப்பால் தோக்கோங் சங்கோல் தீவருகே நால்வர் நீருக்கடியில் போய்விட்டு மேலே வந்தபோது படகைக் காணாமல் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டதையும், ஒருவரை மறுநாளும் மற்ற இருவரை அதற்கு இரண்டு நாள் கழித்தும் மீட்டதையும், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்ததையும் அவர் செய்தியில் கேட்டிருந்தார். அது மூச்சுக் கருவியால் நேர்ந்ததன்று. ஆனால் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிய தாய்க்கு அந்த வேறுபாடு எங்கே மனத்தில் தங்கும்?

மூன்று மாதம் கழித்துப் பையன் இன்னொரு கருவி வாங்கினான். அதுவும் பழையதே. ஆனால் இம்முறை பாகம் கிடைக்கும் வகை, கடைசியாகப் பிரித்துப் பூட்டிய ரசீது, வெளுத்த வடிகட்டி. வாங்கியவன் நேரே அதே மேசைக்குக் கொண்டுபோய் ரப்பர் முழுவதையும் மாற்றிய பிறகுதான் கடலில் இறங்கினான்.

வாங்கியதைப் பேணுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுவோம். கடலிலிருந்து ஏறியதும் முதல் வேலை, நுழைவாயின் மூடியை ஈரமில்லாமல் துடைத்து, மூடி இறுக்குவது. இந்த ஒன்றைச் செய்யாமல் கழுவினால் கழுவும் தண்ணீரே உள்ளே போய்விடும். அந்தப் பச்சைக் களிம்பு பெரும்பாலும் கடலில் வருவதைவிட இப்படிக் கழுவும் வாளியில்தான் வருகிறது. பிறகு நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மேலே தெளித்தால் போதாது. உப்பு ஊறினால்தான் கரையும். உந்துதண்டு வகையில் சுருளைச் சுற்றிக் கடல்நீர் புழங்குவதால் அந்தத் துளைகளுக்குள்ளும் நீர் ஓடவேண்டும். வாய்ப்பெட்டியின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். சிலிண்டரில் மாட்டாமல் நீருக்குள் வைத்து அந்தப் பொத்தானை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வழி திறந்து, தண்ணீர் குழாயேறி முதற்படி வரை போய்விடும். பிள்ளைகளுக்கு எதைக் கண்டாலும் அழுத்திப் பார்க்கும் ஆசை. ஆகையால் கழுவும் வேளையில் அவர்களை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

காய வைப்பது நிழலில். துணிக்கொடியில் வெயிலில் தொங்கவிட வேண்டாம். மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பெட்ரோல் நெடிக்குப் பக்கத்திலும் வேண்டாம். குழாயை ஒடித்து மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதவுக் கீல் கிறீச்சிட்டால் தேங்காயெண்ணெய் விடுகிறோம்; சைக்கிள் சங்கிலிக்குக் கிரீஸ் பூசுகிறோம். அந்தக் கை இங்கே வரக்கூடாது. மண்ணில் எடுத்த எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். தேங்காயெண்ணெய் சிக்கெடுத்துப் பிசினாகும். எதுவானாலும் நுண்துளியாக மூச்சோடு நெஞ்சுக்குள் போகும். ஆக்சிஜன் கூட்டிய காற்றை அடைத்த சிலிண்டராயிருந்தால் எண்ணெயில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இதற்கென்று தனிப்பட்ட பசை இருக்கிறது. அதையும் பழுது பார்ப்பவரே பூசட்டும். முதற்படியை வீட்டில் பிரிக்கும் ஆசை பட்டறையில் வேலை செய்த பிள்ளைகளுக்கு வரும். கைத்திறன் இருக்கிறது என்பது மெய்தான். ஆனால் அளவுக் கடிகாரமும் உரிய கருவியும் இல்லாத கைத்திறன் இதற்குப் போதாது.

எத்தனை நாளுக்கொருமுறை பிரித்துச் சுத்தம் செய்வது? வகைக்கு வகை மாறும்; பொதுவாக ஆண்டுக்கொருமுறை அல்லது நூறு முறை இறங்கியபின் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. நமது கிழக்குக் கரையில் இதற்கு இயற்கையே ஒரு காலம் வைத்திருக்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தீவுகளுக்குப் படகு போவது குறைந்துவிடும். பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். கருவியும் மூலையில் கிடக்கும். கிடக்கும் காலத்தில்தான் அது கெடுகிறது. ஒழுங்காகக் கழுவாத உப்பு அப்போதுதான் அரிக்கும். ஆகவே பருவக்காற்று தொடங்குமுன் நன்றாக ஊறவைத்துக் காயவைத்து எடுத்துவையுங்கள். மார்ச்சில் கடலுக்குப் புறப்படுமுன் பழுது பார்ப்பவரிடம் காட்டிவிட்டு, நாம் சொன்ன மூச்சிழுக்கும் சோதனையையும் செய்துவிட்டுப் போங்கள்.

எடுத்து வைக்கும்போது துணிப்பையில் போட்டு வாய்ப்பெட்டியின் வாயைக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கரப்பான் குடியேறிவிடும். இது வேடிக்கைக்குச் சொல்வதன்று. நம் பையனுடைய தோழன் ஒருவன் நீருக்குள் இறங்கி முதல் மூச்சு இழுத்தபோது அவன் நாக்கில் ஏறியது கரப்பானின் கால். பையன் இதைச் சொன்ன நாள்முதல் அவன் அம்மாவே பழைய சட்டைத் துணியில் நாடாவைத்த பையொன்று தைத்துக் கொடுத்திருக்கிறார்; லைன் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்குகிறது.

குழி விழுந்த அந்த முதல் கருவியைப் பையன் பள்ளிக்கே கொடுத்துவிட்டான். அறிவியல் அலமாரியில் இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளில் அதைத் திருகு திருகாகக் கழற்றி, பழைய செய்தித்தாளின்மேல் வரிசையாக அடுக்கி, மறுபடி பூட்டுகிறார்கள். சென்ற வாரம் பூட்டி முடித்தபின் ஒரு சுருள் மிச்சமாகிவிட்டது. எங்கே விட்டார்கள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.